இங்கிதம் குடியிருக்கும் இடம்

என்னைத் தேடி வருகிற குடும்பங்கள் நோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘மரியாதை தெரியாமப் போச்சு’, ‘வாய் நீண்டு போச்சு’, ‘கல்லு மனசாயிட்டாக’, ‘யாரோ என்னமோ வச்சுட்டாக’ என்றுதான் பேச்சு தொடங்கும். மதுரையில் நரம்பியல் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, காரைக்குடிக்குத் திரும்பி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபோது நான் முதலில் பழகிக்கொண்டது இந்தப் பேச்சைத்தான். வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் நோயின் பெயர் எழுதிய கேஸ் ஷீட் இருக்கும். வீட்டில் கோபம் இருக்கும், அவமானம் இருக்கும், போக்குவரத்து நின்றுபோன பங்காளி வீடு இருக்கும். அதற்குள்ளிருந்து நோயைப் பிரித்தெடுக்க வேண்டும்.

காரைக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் அரியக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தென்திருப்பதி என்று பெயர் பெற்ற திருவேங்கடமுடையான் கோவில் நினைவுக்கு வரும். சங்கீதம் கேட்பவர்களுக்கு 1890இல் பிறந்த ராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். கல்யாணச் சீருக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு. நான் சொல்ல வந்ததும் ஒரு விளக்குப் பட்டறையில் தொடங்கியதுதான். ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் எதையும் மாற்றவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வார்ப்பு, கடைசல், மெருகு மூன்றும் கைவந்தவர். ‘அதிர்ந்து பேசமாட்டாக’ என்று ஊரே சொல்லும். மாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவர் மனைவியால் நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்த மைசூர்பாகை எடுத்துத் தின்றிருக்கிறார். விளக்கு விலை கேட்க வந்த அம்மாளைப் பார்த்து, “வாங்குற மூஞ்சியா இது, எதுக்கு வந்தே?” என்று கேட்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் அழகாயிருக்கிறது என்று சொன்னதற்காக ஒரு ஜோடி விளக்கைக் காசு வாங்காமல் தூக்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள், மூன்று நாள் குளிக்காமல் இருந்தார். தினமும் ஒரே நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒரே பாதையில் போய், ஒரே கடையில் அல்வா வாங்கித் தின்றுவிட்டு வந்தார். உடன்பிறந்த அக்கா இறந்த வீட்டில், இன்னும் எடுக்கவில்லை, “சாப்பாடு எப்ப?” என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அந்தக் கேத வீட்டிலிருந்து எழுந்து போன தம்பி பிறகு அண்ணன் வாசலை மிதிக்கவில்லை.

மனைவி முதலில் வேறு தொடுப்பு இருக்குமோ என்று நினைத்திருக்கிறார். பிறகு செய்வினை என்றார்கள். குணசீலம் கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். வந்த பிறகு ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். ஞாபக சக்திக்கான பரிசோதனையில் முப்பதுக்கு இருபத்தெட்டு மதிப்பெண் வாங்கிவிட்டார். தேதி சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார், கேட்ட மூன்று சொற்களையும் திருப்பிச் சொன்னார். “மறதி இல்லை, மன அழுத்தம்தான்” என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த நோய் எல்லாரையும் ஏமாற்றுவது இங்கேதான். மூளை தேய்கிறது என்றால் மறதி வரும் என்பதே நம் எல்லாருடைய எண்ணமும். அல்சைமர் நோயில் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். மூளையின் முன்மடலையும் பொட்டுமடலையும் தேய்க்கிற இன்னொரு வகை இருக்கிறது. அதை ஃப்ரான்டோ டெம்போரல் டிமென்ஷியா என்கிறார்கள். அதில் நடத்தையைத் தாக்குகிற வகையில் வீட்டு விலாசம் மறக்காது, வார்ப்புக்கு எத்தனை கிலோ பித்தளை போகும் என்பது மறக்காது. முதலில் போவது இங்கிதம். எதிரே இருப்பவர் முகம் வாடினால் நம் உள்ளே ஒன்று சுருங்குகிறதே, அது போகும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்கிற பழக்கம் போகும். தித்திப்புமேல் அடங்காத ஆசை வரும். செய்ததையே செய்யத் தோன்றும். ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று நோயாளி உறுதியாகச் சொல்வார். பொய்யாகச் சொல்வதில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள உதவும் பகுதியும் சேர்ந்து கெட்டுவிடுவதால் அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

பிராகில் இருந்த ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் 1892இலேயே இப்படித் தேய்ந்த மூளையைப் பற்றி எழுதினார். அல்சைமர் தன் பெயரால் அழைக்கப்படும் நோயை விவரித்தது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. ஆனால் ஊருக்குத் தெரிந்த பெயர் பின்னதுதான். 2023இல் ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இந்த நோய் என்று அவர் குடும்பம் அறிவித்தபோதுதான் நம் பத்திரிகைகளிலும் இதன் பெயர் அடிபட்டது. பெரும்பாலும் நாற்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குள் தொடங்குகிறது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு சொன்னது. அறுபதுக்கு மேல் எண்ணினால் என் பட்டறைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். உழைத்துச் சம்பாதிக்கிற, கையெழுத்துப் போடுகிற, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிற வயதில் வருவதால் இந்த நோய் ஒரு குடும்பத்தைச் சாய்க்கிற வேகம் அதிகம்.

நான் அந்த வீட்டுக்குப் போனது மனைவியின் தங்கை சொல்லி. நோயாளியிடம் உட்காருவதற்கு முன்னால் அடுப்படியில் மனைவியோடு தனியாகப் பேசுவது என் வழக்கம். இந்த நோயில் நோயாளியிடம் கேட்டு ஒன்றும் கிடைக்காது. கூட வாழ்பவரின் வாய்தான் எங்களுக்கு ஸ்கேனைவிடப் பெரியது. நேரடியாக ‘குணம் மாறியிருக்கா?’ என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டு மானம் தடுக்கும். அதனால் சின்னச் சின்னதாகக் கேட்பேன். நீங்க காய்ச்சல்ல படுத்தா என்ன செய்றாக? பேரப்பிள்ளை விழுந்து அழுதா ஓடி வர்றாகளா? சாப்பாட்டுல என்ன மாத்தம்? ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுறாகளா? மூன்றாவது கேள்வி வருவதற்குள் அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நான் பாத்ரூமுல வழுக்கி விழுந்து கெடக்கேன் சிஸ்டர். அவுக என்னைத் தாண்டிப் போயி டீ போட்டுக் குடிச்சாக” என்றார்.

பிறகு அவரிடம் உட்கார்ந்தேன். மரியாதையாகத்தான் பேசினார், என் புடவையின் விலையைக் கேட்டதைத் தவிர. ‘க’வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னேன். கல், கடை, கத்தி என்று மூன்று சொல்லிவிட்டு நின்றார். முஷ்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று மாற்றி மாற்றி மேசையில் வைக்கச் சொன்னேன். முஷ்டியையே தட்டிக்கொண்டிருந்தார். நுட்பமான மெருகு வேலை செய்த கை அது. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன அண்ணே என்று கேட்டதற்கு, “ஈரத்துல நடந்தா சறுக்கும்” என்றார். முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கிய மூளைதான் இதுவும். நினைவைச் சோதிக்கிற பரீட்சை முன்மடலின் கதவைத் தட்டுவதே இல்லை. மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தபோது வலப்பக்க முன்மடலும் பொட்டுமடலின் முன்பகுதியும் தேய்ந்திருந்தது தெரிந்தது. தொடக்கத்தில் ஸ்கேன் சரியாக இருப்பதும் உண்டு. அதனால்தான் கூட வாழ்பவரின் சொல்லை நான் அவ்வளவு நம்புகிறேன்.

நோயின் பெயரைச் சொன்ன பிறகு வீட்டில் ஒரு நிம்மதி வரும். அதன் பின்னாலேயே பெரிய துக்கம் வரும். அந்த அக்கா சில வாரம் கழித்து என்னிடம் கேட்ட கேள்வியைப் பல வீடுகளில் பல விதமாகக் கேட்டிருக்கிறேன். கோவில் வாசலில் நாலு பேர் பார்க்கக் கணவர் இவரைப் பார்த்து, “உன்னைக் கட்டுனதுல ஒரு நாளும் எனக்கு இஷ்டமில்லை” என்று சொல்லியிருக்கிறார். “இத்தனை வருசமா மனசுக்குள்ள இருந்ததுதானே இப்ப வெளிய வருது? அப்ப முன்னாடி இருந்தது நடிப்பா?” என்றார்.

நான் உறுதியாக இல்லை என்று சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. எல்லார் மனத்திலும் ஒரு நாளில் ஆயிரம் அரைகுறை நினைப்பு எழும். சலிப்பு எழும், வெறுப்பு எழும், அடுத்தவர் இலைமேல் ஆசை எழும். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்று தேர்ந்தெடுப்பதும் அந்த மனிதர்தான். முப்பது வருடம் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்கிற இடத்தைத்தான் நோய் தின்றுவிட்டது. எஞ்சியிருக்கும் வாய் பேசுவதை வைத்து முப்பது வருடத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம் அக்கா என்றேன். அவர் நம்பினாரா என்று அன்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச்சில் ‘அவுக சொன்னாக’ என்பது குறைந்து ‘நோவு சொல்லுது’ என்பது வர ஆரம்பித்தது.

இதைப் படித்துவிட்டு, குணம் மாறிய எல்லாருக்கும் இதுதான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஊரில் பெரிய வீடு ஒன்றில் தனியாக இருந்த ஆச்சியின் கதை வேறு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முகப்பில் உட்கார்ந்து தெருவில் போகிற அத்தனை பேரையும் கூப்பிட்டு விசாரிப்பவர். வேலையாட்களைத் திட்டுவதில் ஊரறிந்தவர். அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். திட்டுவதை நிறுத்தினார். பலகாரம் போடுவது, சாமி வீட்டில் விளக்கேற்றுவது எல்லாம் நின்றது. ஐயா போன துக்கம் என்றார்கள். “ஆச்சி சாந்தமாயிட்டாக” என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஒருவர் முரடாக மாறினால் உடனே வைத்தியம் தேடுகிறோம். சாந்தமாக மாறினால் யாரும் தேடுவதில்லை. வாரம் ஒரு முறை வீடியோவில் பார்க்கிற பிள்ளைகளுக்கு, தலையாட்டுகிற அம்மா நலமாகத்தான் தெரிந்தார்.

எனக்குத் துப்புக் கொடுத்தது சமையலுக்கு இருந்த பெண். பால் கருகி வளவு வரைக்கும் நெடி அடிக்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குத் தெரியவில்லை என்றாள். புடவை நனைந்தாலும் ஆச்சி அதைப் பற்றிக் கூச்சப்படவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் காபித்தூள் டப்பாவைத் திறந்து, ஆச்சியின் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகில் வைத்தேன். ஒன்றுமில்லை என்றார். மூக்குக்கு மேலே, முன்மடலின் அடியில் இருக்கிற வாசனை நரம்பை ஏதோ அழுத்துகிறது என்ற சந்தேகம் அப்போது வந்தது. ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. மெனிஞ்சியோமா. மூளையை மூடியிருக்கிற உறையில் வளர்வது, பெரும்பாலும் புற்று அல்லாதது. அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் நான் போனபோது ஆச்சி முகப்பில் இருந்தார். வாசலிலேயே நிறுத்தி, “இம்புட்டு நேரம் கழிச்சு வர்றியே, காலையில சொன்னது காலையில வரணும்” என்று அதட்டினார். வாசனை திரும்பவில்லை. ஆச்சி திரும்பி வந்தார்.

ஆகவே நடுவயதிலோ முதுமையிலோ குணம் மாறினால் முதலில் தேட வேண்டியது திருத்தக்கூடிய காரணங்களை. கட்டி, தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தம், தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மூளைக்காய்ச்சல், குடி. இளவயதுப் பெண்கள் திடீரென்று பிதற்றி, கை கால் முறுக்கி, சாமி வந்தது போல ஆடினால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற ஒரு வகை அழற்சியாகவும் இருக்கலாம். அதை முறையாக அடையாளம் கண்டது 2007இல்தான். அதற்கு மருந்து உண்டு, பலர் முழுக்கக் குணமாகிறார்கள்.

கோவிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா ஊரான ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். எங்கள் பகுதியில் இந்த வேலையைச் செய்கிற யாரும் அந்த நாளை மறக்க முடியாது. நான் குடும்பங்களிடம் சொல்வது இரண்டே: மாத்திரையைக் கூடவே கொண்டு போங்க, யாரையும் கட்ட விடாதீங்க. குணசீலத்தில் பெருமாள் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கிற நேரம் அந்த மனைவிமார்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நடத்தையை மருத்துவம் திருத்தப் பார்த்த வரலாறும் நம்மிடம் உண்டு. சென்னை பொது மருத்துவமனையில் 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே அவரும் உடன் பணியாற்றிய மருத்துவர்கள் பாலசுப்ரமணியமும் கனகாவும் அடங்காத மூர்க்கம் கொண்ட நோயாளிகளுக்கு மூளையின் ஆழத்தில், அமிக்டலா என்ற பகுதியில், சிறு அளவு திசுவை அழிக்கும் சிகிச்சையை 1960களில் செய்து உலக இதழ்களில் எழுதினார்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு தம்மையே காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளும் அவர்களிடம் வந்தார்கள். கையில் நல்ல மருந்து இல்லாத காலம் அது. இன்று அந்த வழியில் யாரும் எளிதில் போவதில்லை, போகவும் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் குணமும் மூளைக்குள்தான் இருக்கிறது என்பதை அந்தத் தலைமுறை எவ்வளவு நேராக எதிர்கொண்டது என்பதை நினைக்கும்போது எனக்குப் பிரமிப்பு வருகிறது.

பட்டறைக்காரரின் நோயை நிறுத்த மருந்து இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கிற மாத்திரை இதில் பயன்படாது, சிலருக்குத் தொல்லையைக் கூட்டவும் செய்யும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அந்த அடங்காமையையும் தித்திப்பு வெறியையும் கொஞ்சம் தணிக்கின்றன. மற்றதெல்லாம் வீட்டு ஏற்பாடுதான். ஸ்கூட்டர் சாவியை மறைத்தோம். வங்கியில் அவர் பெயரில் சிறு தொகை மட்டும் இருக்கும்படி செய்தோம். பட்டறை இடத்தின் பத்திரத்தை மகள் பொறுப்பில் வைத்தோம். இவை நோய் தெரிந்த அன்றே செய்ய வேண்டியவை. ஒரு கையெழுத்தில் வீடு போன குடும்பங்களை எனக்குத் தெரியும். தெருக் கடைகளுக்கு அந்த அக்காவே போய், “அவுகளுக்கு மூளையில நோவு, கோவிச்சுக்காதீக, எடுத்ததுக்கு நான் காசு தர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் எல்லாரையும் பேசுகிற ஊர் என்பது அதுவரை அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு அதுவே காவலாயிற்று. கோவில் பக்கம் கணவர் தனியாக நடந்தால் யாராவது கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள்.

பினியாஸ் கேஜ் என்ற அமெரிக்கத் தொழிலாளியின் பெயர் எல்லா நரம்பியல் புத்தகத்திலும் இருக்கும். 1848 செப்டம்பர் 13 அன்று ரயில் பாதை வேலையில் வெடி வெடித்து, 3 அடி 7 அங்குல இரும்புக் கம்பி கன்னத்தின் வழியே நுழைந்து முன்மண்டையைப் பிளந்து வெளியேறியது. பிழைத்தார். பழைய மனிதராக இல்லை என்றார்கள் நண்பர்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் பிற்பாடு சிலி நாட்டில் பல ஆண்டு குதிரைப் பயண வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை என்று வெளியிலிருந்து ஓர் ஒழுங்கு கிடைத்தால் உள்ளே உடைந்தது கொஞ்சம் தாங்கி நிற்கும். கேஜுக்கு அடிபட்டது ஒருமுறை. இவருக்கு நோய் நாளும் தின்கிறது. இருந்தும் பட்டறையில் காலை ஒன்பதுக்கு மெருகு வேலை, பதினொன்றுக்கு டீ, மாலையில் கோவில் நடை என்று வைத்த அட்டவணை இரண்டு வருடம் அவரைக் காப்பாற்றியது.

அந்த அட்டவணையை நடத்தியவர் அவர் தம்பி. பட்டறைக்காரரின் மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் தம்பியைப் போய்ப் பார்த்தேன். ஸ்கேன் படத்தில் எது தேய்ந்திருக்கிறது என்று காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப எங்க அக்கா எழவுல கேட்டதும் இதுதானா?” என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தவர் அவர்தான்.

இப்போது அண்ணனுக்குப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிட்டது. வாயில் அடைத்துக்கொண்டு புரையேறுவதால் சாதத்தைக் குழைத்து, சிறு கரண்டியில், எண்ணிக் கொடுக்கிறார்கள். இந்த வகையில் அறிகுறி தொடங்கிய பிறகு சராசரியாக ஏழெட்டு ஆண்டு என்பார்கள். ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். “பரம்பரையா வருமா? மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?” என்று அக்கா கேட்டார். நோயாளிகளில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தெளிவான பரம்பரைத் தொடர் இருக்கும். இவருடைய அப்பா, அம்மா இருவரும் எண்பதைத் தாண்டிக் குணம் மாறாமல் போனவர்கள். மரபணுச் சோதனை உண்டு, முதலில் நோயாளிக்குத்தான் செய்து பார்ப்பார்கள். அதில் ஏதாவது தெரிந்தால், தனக்கும் பார்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது மகளின் முடிவு, நீங்களும் நானும் அவளைத் தள்ள முடியாது என்றேன். சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு, சொல்லிவிடுங்கள் என்பதே என் பதில். அவர்கள் சொன்னார்கள். முதலில் வந்த இடம் தட்டிப் போனது. அடுத்து தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் அந்தப் பெண்ணே எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். பையனின் அம்மா அவளுடைய அப்பாவை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அன்றைக்கு என்னையும் கூட இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.